மூன்றே முறை அடித்த மணி

என் மனைவியை இருபத்தாறு நிமிடம் லிஃப்டுக்குள் அடைத்துவைத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அதில் கொஞ்சம் திறமையாவது தெரிந்திருக்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருட அனுபவம். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடுவதற்கு முன், லிஃப்டைக் கீழே வரவழைத்து, கதவைத் திறந்து, உள்ளே ஆள் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். லிஃப்ட் கீழே நிற்கிறது என்று காட்டும் தரைத்தள விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவும் மேசையைத் தட்டித் தட்டி.

அன்று ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தேன். எண்ணெய் விட்டாயிற்று. கம்பிக் கயிறுகளைப் பார்த்தாயிற்று. ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. தியானம்.

இது டாக்டர் தலையில் கட்டிய வேலை. என் ரத்த அழுத்தத்தை அளந்தவர், கருவிதான் பழுது என்று நினைத்து இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையே சொன்னது. "தினமும் இருபது நிமிஷம் சும்மா உக்காருங்க. வாயும் சும்மா இருக்கணும்" என்றார். "அதுக்கு ஊசி ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையையும் எழுதினார், தியான வகுப்பின் விலாசத்தையும் எழுதினார். இரண்டையும் சாப்பாட்டுக்கு முன் என்று குறித்தார்.

வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம். மற்றவர்கள் கண்ணை மூடினால் அமைதி வருகிறது. எனக்குத் தூக்கம் வந்தது. தூக்கம் வராத நாட்களில் போன வருடம் சொன்ன நகைச்சுவைகள் வரிசையாக வந்தன. வீட்டில் உட்கார்ந்தால் தொலைக்காட்சி, தெருவில் உட்கார்ந்தால் வண்டிச் சத்தம். யோசித்துப் பார்த்ததில், நான் போய்வருகிற இடங்களிலேயே அமைதியானது மோட்டார் அறைதான் என்று பட்டது. மோட்டார் ஓடாமல் இருந்தால்.

ஓடாமல் இருக்கச் செய்வது என் கையில்தானே இருக்கிறது?

கைபேசியை விமானத்தில் வைப்பதுபோல் அடக்கினேன். தரைத்தள விளக்கு எரிந்தது. சுவிட்சைப் பிடித்து இறக்கினேன். அந்த நொடியில் மோட்டார் ஒருமுறை மூச்சுவிட்டதுபோல் அசைந்தது. நிற்கும்போது சுற்றும் கடைசிச் சுற்று என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்து, பழைய அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

இரண்டாவது நிமிடம் மணி அடித்தது. தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

எங்கள் தியான டீச்சர் சொல்வார்: "சத்தம் வந்தா விரட்டாதீங்க. பிடிச்சும் வைக்காதீங்க. வந்தது போகும்." நான் விரட்டவில்லை. மறுபடி அடித்தது. பிடித்துவைக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தது. ஆகா, இதுதான் சோதனை என்று நினைத்து உதட்டில் லேசான புன்னகையைக்கூட வரவழைத்துக்கொண்டேன். பிறகு மணி நின்றுவிட்டது. பார்த்தாயா, விட்டதும் போய்விட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடமாக லிஃப்டின் அபாய மணியைப் பழுது பார்க்கிறவன், அபாய மணியைக் கேட்டுக்கொண்டே ஞானம் அடைந்துகொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் ஒன்பது மாடி ஏறிவந்து கதவை இடித்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். அவருக்கு முழங்கால் வலி வேறு. "அண்ணே, உள்ள ஆள் இருக்கு!" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் சாப்பிட்டு வந்து பார்த்தா, லிஃப்ட் செத்துக் கிடக்கு. உள்ள இருக்கிற போன்ல யாருன்னு கேட்டேன். ஒரு அம்மா. என்ன சொல்றாங்க தெரியுமா?"

"திட்டினாங்களா?"

"'அவசரமில்ல, மெதுவா வரச் சொல்லுங்க'ங்கிறாங்க."

மாட்டிக்கொண்டவர்களை எனக்கு வகைவகையாகத் தெரியும். கதவை உதைப்பவர்கள், அழுபவர்கள், வக்கீலுக்குப் போன் போடுபவர்கள், வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடிப்பவர்கள். ஆனால் எல்லோரும் மணியை நாற்பது தடவையாவது அடிப்பார்கள். மூன்றே முறை அடித்துவிட்டுச் சும்மா இருந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. மயங்கிக் கிடப்பவர் மெதுவாக வரச் சொல்ல மாட்டார்.

பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை முதல் மாடிக்குக் கொண்டுவந்தேன். எட்டு மாடி இறங்கி ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

உள்ளே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. செருப்பு இரண்டும் மூலையில் ஜோடியாக இருந்தன. கைப்பை மடியில். நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "மாத்திரை கொண்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை எதையும் தராமல், படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாள். என் மாத்திரை என் சட்டைப்பையில், பூட்டுச் சாவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வாட்ச்மேன் நோட்டில் எழுதிவைத்தார். நின்றது 12.17. திறந்தது 12.43.

கம்பெனியில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை அவர் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் மண்டையில் ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. அந்த இருபத்தாறு நிமிடம் அவள் உள்ளே என்ன செய்தாள்?

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

"உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"லிஃப்டுக்குள்ள என்ன பண்ணுவாங்க?" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"பயந்துட்டியா? இல்லையே, பயந்தவ 'அதுக்குள்ளயா'ன்னு கேக்க மாட்டா. கோவமா? கோவம்னா செருப்பு ஜோடியா இருக்காது, என் தலையில இருக்கும். அப்போ அதிர்ச்சி. அதிர்ச்சியில மனுஷங்க எதையாவது சொல்லுவாங்க. அதிர்ச்சிதானே? அதிர்ச்சிதான்."

"குழாயை மூடினீங்களா?" என்றாள் அவள்.

அவளிடமிருந்து நேரான பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வருடமாகத் தலையில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு முந்நூறு பேர் கேள்வியோடு கூப்பிடுவார்கள். ஒருவருக்கும் அவள் பதில் சொல்லக் கூடாது. சரியான ஆளுக்கு இணைப்புக் கொடுத்துவிட வேண்டும். எலும்பு முறிவா, இந்த நம்பர். பிரசவமா, அந்த நம்பர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட என்ன என்று கேட்டால் "ஃபிரிட்ஜைக் கேளுங்க" என்பாள்.

நானும் விடவில்லை. நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள், "உங்க மககிட்ட கேளுங்க" என்று இணைப்பு மாற்றிவிட்டாள்.

மகள் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அவள் போனை எடுத்ததும் நான் முழுக் கதையையும் சொன்னேன். மணிச் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, அம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன்."

"ஏன், நான் என்ன வெளியாளா? சரி, அம்மாவுக்கு ரகசியம்னு ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியும், ஆனா..."

"அப்பா."

"என்ன?"

"இதுதான். நீங்க கேள்வி கேட்டா, பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கு வேலையே இல்ல. எங்க கடையில எழுத்தைக் காட்டி 'இது என்ன'ன்னு கேட்டுட்டு, நானே 'இது அ' அப்படீன்னு சொன்னா, யார் கண்ணுக்கு என்ன பிரச்சினைன்னு எப்படித் தெரியும்?"

பெற்ற பிள்ளைக்குப் படிப்பைக் கொடுத்தால் இப்படித்தான். போனை வைத்துவிட்டு, அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நானே விளக்கி, அதற்குப் பதிலும் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது.

இதற்கிடையில் இன்னொன்றைக் கவனித்தேன். என் மனைவி நாலு மணிக்கு வேலை முடித்தால் நாலு நாற்பதுக்கு வீட்டில் இருப்பாள். முப்பது வருடமாக இதுதான் கணக்கு. லிஃப்ட் விவகாரத்துக்குப் பிறகு ஐந்து பத்துக்கு வந்தாள். மறுநாளும் ஐந்து பத்து. அதற்கு மறுநாளும். பஸ் தாமதம் என்றால் ஒருநாள் பத்து நிமிடம், ஒருநாள் நாற்பது நிமிடம் என்று ஆகும். இப்படி அச்சடித்த மாதிரி அரைமணி நேரம் தாமதமாகாது. ஒரு இயந்திரம் தினமும் ஒரே இடத்தில் ஒரே அளவு தயங்கினால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இது என் தொழில்.

அடுத்தது துண்டு. அவளிடம் ஒரு சின்ன நீலத் துண்டு உண்டு. வேலை இடத்தில் குளிர் என்று கழுத்தில் போட்டுக்கொள்வாள். மாலையில் கைப்பையிலிருந்து எடுத்து நாற்காலியில் போடுவாள். எப்போதும் அது கசங்கி, பைக்குள்ளிருக்கும் காகித வாசனையோடு இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அதைத் தற்செயலாகத் தொட்டேன். சூடாக இருந்தது. அப்போதுதான் சுட்ட ரொட்டிபோல. வெளியே மூன்று நாளாக மழை. வெயில் என்ற பேச்சே இல்லை. இந்தத் துண்டு எங்கே போய்ச் சூடாகி வந்தது?

என் ஆர்வத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? இல்லை. அவள் குளிக்கப் போனதும், முப்பது வருடத்தில் ஒருமுறையும் செய்யாத காரியத்தைச் செய்தேன். அவள் கைப்பையைத் திறந்தேன். துண்டின் மர்மத்துக்கு ஒரு சீட்டோ, சோப்போ கிடைக்கும் என்று பார்த்தேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

நாலாக மடித்த ஒரு விண்ணப்பப் படிவம். ஆஸ்பத்திரிப் பணியாளர் குடியிருப்பு. எந்த வகை என்ற இடத்தில், 'ஒருவர் அறை' என்பதற்கு எதிரே அவளுடைய அழகான கோடு. பெயர், வயது, பணி, எல்லாம் நிரப்பியிருந்தது. தேதியும் போட்டிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. அடியில் அச்சில்: கடைசி நாள், வருகிற வெள்ளிக்கிழமை.

தேதியை இரண்டு தடவை பார்த்தேன். லிஃப்ட் நின்ற அதே நாள்.

மாத்திரை கொண்டு வந்தேன் என்றாளே. முப்பது வருடத்தில் என் வேலை இடத்துக்கு ஒருநாளும் வராதவள், வேலை நேரத்தில் போர்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, இந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சுவிட்சை இறக்கியிருக்கிறேன்.

படிவத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன். அன்றிரவு திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது என் நிலைமை. கேட்க வேண்டும், கேட்க முடியாது. பையைத் திறந்தேன் என்று ஒப்புக்கொள்ளாமல் எப்படிக் கேட்பது? "இன்னைக்கு என்ன, பேச்சே காணோம்?" என்றாள் அவள். "தொண்டை சரியில்ல" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டை விட்டுப் போக நினைப்பவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளா? முப்பது வருடப் பழக்கத்தில் தொட்டிருப்பாள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் மட்டும் தவறாமல் வருகிற தூக்கம்.

புதன்கிழமை வகுப்பு. ஒரு விளையாட்டு அரங்கின் பக்கத்து அறையில் நடக்கும். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அன்று அவருக்குக் கடும் ஜலதோஷம். பக்கத்து அரங்கில் பூப்பந்து ஆடுகிறவர்கள் தொம் தொம்மென்று குதித்தார்கள். "அந்தச் சத்தத்தை விரட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து போய், சுவரை இரண்டு அடி அடித்து, "கொஞ்சம் மெதுவா குதிங்கடா!" என்று கத்திவிட்டு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடினார். அன்றுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

எல்லோரும் போனபிறகு கேட்டேன். "டீச்சர், ஒருத்தர் அடைச்ச இடத்துல மாட்டிக்கிட்டு, வெளிய வந்ததும் 'அதுக்குள்ளயா'ன்னு கேட்டா, அதுக்கு என்ன அர்த்தம்?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அது அவங்களைத்தான் சார் கேக்கணும்."

"கேட்டாச்சு. பதில் இல்ல. ஒருவேளை அவங்க..."

"எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

"நாலு நாள்."

"அதைக் கேக்கல. கேள்வியைக் கேட்டதுக்கும், நீங்க அடுத்து வாய் திறந்ததுக்கும் நடுவுல."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

"ஒரு கேள்வி கேளுங்க. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் மூச்சை எண்ணுங்க. பத்து வரைக்கும். பதில் வரலைன்னா திரும்ப ஒண்ணுலேர்ந்து" என்றார். பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டார். "எனக்கும் இது வராது சார். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

இன்னொரு இணைப்பு. ஆனால் இந்த முறை கையில் ஒரு கருவி கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. படிவத்தின் கடைசி நாள். மூன்று மணிக்கே பல்வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மின்கம்பத்தின் பின்னால் ஒளிந்து நின்றேன். கம்பம் ஒரு சாண் அகலம். நான் அதைப்போல் மூன்று மடங்கு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு, நான் யாரைப் பார்க்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு மூன்றுக்கு அவள் வந்தாள். பஸ்ஸில் முன்பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம் ஏறினேன். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். சாவி செய்கிறவர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. திறந்து உள்ளே போனாள்.

அது நாமே துணியைப் போட்டு எடுத்துக்கொள்கிற துவைக்கும் கடை. ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள், எதிர்ப் பக்கம் உலர்த்தும் மெஷின்கள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் ஏழாம் நம்பர் உலர்த்தும் மெஷினின் வட்டக் கதவைத் திறந்தாள். கைப்பையிலிருந்து நீலத் துண்டை எடுத்தாள். அந்த ஒற்றைத் துண்டை மட்டும் உள்ளே போட்டாள். காசுக்குப் பதிலான வில்லை ஒன்றைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். பிறகு, சுற்றுகிற துண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அவ்வளவுதான். இதற்காகவா ஒரு ஆள் தினமும் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்குவது? முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு மெஷின் மேல் ஒளிர்ந்த எண்களைப் பார்த்தேன். மற்ற மெஷின்கள் இருபதிலிருந்து குறைந்துகொண்டிருந்தன. ஏழாம் நம்பர் பழசு. அதில் இருபத்தைந்து என்று இருந்தது. அவள் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மொத்தம் இருபத்தாறு.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

உள்ளே போனேன். அவளுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தாள். அதிசயப்படவில்லை. மின்கம்பத்தையும் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

"உன் பையைத் திறந்துட்டேன்" என்றேன். "தப்புதான். படிவத்தைக் கொடுத்துட்டியா?"

அவள் மெஷினைப் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது மூச்சில் 'கொடுத்திருந்தா இங்க வந்திருக்க மாட்டே' என்ற வாக்கியம் பல் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். ஏழாவது மூச்சில், மதியமே கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது. அதையும் விழுங்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயை மூடினால் வயிறு வெடித்துக் கெடும்போல் இருந்தது.

பத்து. மறுபடி ஒன்று.

மெஷினில் ஒரு சத்தம் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகல். பேரிங் எண்ணெய் கேட்கிறது. இரண்டு சொட்டுப் போதும். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் இருந்த சின்ன எண்ணெய்ப் புட்டியைத் தேடிப் போனது.

"தொடாதீங்க" என்றாள், திரும்பாமலேயே. "அந்தச் சத்தம் இருக்கட்டும்."

கையை எடுத்தேன். மறுபடி ஒன்று.

எத்தனை பத்து போனது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சொல்வதற்கு எதுவும் வரவில்லை. வந்துபோன நகைச்சுவைகள் எல்லாம் தீர்ந்து, கடை மூடினாற்போல் ஆகிவிட்டது. துண்டு மேலே ஏறியது, விழுந்தது, ஏறியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தலைமுடியில், உச்சியின் குறுக்கே, ஒரு பள்ளம் இருந்தது. போர்டில் மாட்டுகிற வளையம் அழுத்திய இடம். முப்பது வருடம் அழுத்தி, வளையம் இல்லாதபோதும் அந்த இடத்தில் முடி படிந்தே கிடந்தது. தினமும் பார்க்கிற தலைதான். பேசிக்கொண்டே பார்த்திருக்கிறேன். பேசாமல் பார்த்ததில்லை.

மெஷின் ஒரு சொடுக்குச் சத்தத்தோடு நின்றது. முனகலும் நின்றது.

"அன்னைக்கு மாத்திரை கொண்டு வரல" என்றாள் அவள்.

தெரியும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

"ரூமுக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடலாம்னு வந்தேன். வீட்டுல சொன்னா நீங்க பேசியே என்னைச் சிரிக்க வெச்சிடுவீங்க. சிரிச்சிட்டா விஷயம் போயிடும். எத்தனை தடவை போயிருக்கு. வேலை இடத்துல நாலு பேர் முன்னாடின்னா கொஞ்சம் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் மூச்சை எண்ணவில்லை. மறந்துவிட்டேன்.

"லிஃப்ட் நின்னுச்சு. மணி அடிச்சேன். யாரும் வரல. மூணு தடவை அடிச்சேன். நாலாவது தடவைக்குக் கை போனப்போதான் கவனிச்சேன், யாருமே என்னைக் கூப்பிடல. போர்டு இல்ல, காலிங் பெல் இல்ல, 'ஏம்மா என் கண்ணாடி எங்க'ன்னு நீங்க இல்ல. கையை எடுத்துட்டேன். செருப்பைக் கழட்டி உக்காந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. அப்புறம் ஏதோ ஒரு சத்தம். என்னடான்னு பார்த்தா நான் மூச்சு விடற சத்தம். அதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க வந்து கதவைத் திறந்துட்டீங்க."

எழுந்து வெறுங்காலோடு போய், வட்டக் கதவைத் திறந்து துண்டை எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். என் மடியில் வைத்தாள். சூடு பேண்ட் வழியாகத் தொடை வரை இறங்கியது.

நான் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பக் கேட்க நாக்கு துடித்தது. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, வார் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, நிமிர்ந்து, என் கண்ணைப் பார்த்தாள்.

"கொடுக்கல. கிழிச்சுப் போட்டுட்டேன். ஆனா தினமும் இங்க வருவேன், தனியா. நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டா, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இப்ப உக்காந்திருந்த மாதிரி உக்காந்திருக்கணும். முடியலைன்னா சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் அதே படிவம் கொடுப்பாங்க."